என் மச்சாள் தங்கமுத்துவும் மலைக்குளத்துத் தண்ணீரும்

தங்கமுத்துவுக்கு வருகிற ஆவணியில் எழுபத்தைந்து வயது முடிகிறது. பேரப்பிள்ளைகள் சேர்ந்து அவளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி கோபிகா எழுதுகிறாள். "நல்லதாய் நாலு வசனம் சொல்லுங்கோ அப்பம்மா" என்று கேட்டாள். நல்லது சொல்லத்தான் போகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன், ஒரு சொல்லும் வெட்டக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஏனென்றால் பேரன் கஜீவன் தன் பக்கத்தை ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டான். கோபிகா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "இந்த வருடமும் மலைக்குளத்துத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்து அண்ணனுக்குத் தேநீர் கொடுத்த அம்மம்மா" என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அந்த வரி பிழை. அது பிழையாக அச்சில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் நான் இந்தக் கதையைச் சொல்லவே ஒப்புக்கொண்டேன்.

தங்கமுத்து எனக்கு யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவள் என் கணவர் இராசநாயகத்தின் தங்கச்சி. எனக்கு மச்சாள். அவளுடைய மகள் உதயகலாவைத்தான் என் மகன் கட்டியிருக்கிறான். அதனால் சம்பந்தியும் அவள்தான். கஜீவனுக்கும் கோபிகாவுக்கும் நான் அப்பம்மா, அவள் அம்மம்மா. பருத்தித்துறைக் கரையில் என் வளவுக்கு அடுத்த வளவு அவளுடையது. இடையில் ஒரு வேலி, வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற ஓட்டை. அந்தப் பொட்டுக்குள்ளால் ஐம்பது வருடமாக அவள் என் வீட்டுக்குள் வந்துபோகிறாள். அவள் குனியாமல் வரக்கூடிய அளவுக்கு அந்தப் பொட்டு பெருத்துவிட்டது.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேப்பர் வாசிப்பாள். நான் பள்ளிக்கூடப் படலையைக் கூடத் தாண்டவில்லை. அவள் பேப்பரை வாசித்துச் சொல்ல, என் கணவர் வாயைத் திறந்துகொண்டு கேட்பார். நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். அவளுக்கு நல்ல குரல், கோயிலில் தேவாரம் பாடுவாள். எனக்கு அதுவும் இல்லை. இதெல்லாம் போகட்டும். அவளுடைய முழங்கால்தான் எனக்குப் பொறுக்காது. இந்த வயதிலும் குந்தியிருந்து மீன் வெட்டுவாள், ஒரு கையும் ஊன்றாமல் எழும்புவாள். நான் எழும்ப வேண்டுமென்றால் ஒரு சுவரும் ஒரு ஆளும் வேண்டும்.

அவளுடைய வாழ்க்கையில் பெரிய விஷயம் என்று ஊர் சொல்வது வாடியை. சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் கரை ஆண்கள் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போவார்கள். கடற்கரையில் கிடுகாலும் படங்குத் துணியாலும் வாடி அடித்து, மாதக் கணக்கில் அங்கேயே தங்குவார்கள். பெண்கள் போவதில்லை. தங்கமுத்து போனாள். புருசன் கனகசபாபதிக்கு வயிற்றுப் புண், கண்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு, கைக்குழந்தையோடு போனாள். பன்னிரண்டு ஆண்களுக்குச் சமைத்துப் போட்டாள். காற்று மாறினால் எந்தப் பக்கத்துப் படங்கை இறக்க வேண்டும் என்று ஆண்களுக்கே சொன்னாள். திரும்பி வந்து நிலாவில் மணல் எப்படி இருக்கும், ஆமை எப்படி ஏறி வரும் என்று கதை கதையாகச் சொன்னாள். அவள் அப்படிப் போய்வந்த ஏழு வருடமும் நான் மாமியாரோடு வீட்டில் இருந்தேன். ஆமை பார்த்ததில்லை. எனக்கும் போக விருப்பம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு நாட்டுச் சண்டை வந்தது. எல்லோரும் ஓடினோம், எல்லோரும் கொட்டிலில் இருந்தோம், திரும்பி வந்தோம். கனகசபாபதி போய்ச் சேர்ந்தார். அவள் தனியே நின்று பெட்டையைக் கட்டிக் கொடுத்தாள், அதுவும் என் மகனுக்கு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் உதயகலா தங்கம். தாயைப் போலக் குரல் இல்லை, அதனால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இப்போது தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், தென்னைக்கு விடலாம். அதில் தேத்தண்ணி வைத்தால் நாக்கில் கரிக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கோயிலடிக் கிணற்றுக்குப் போக வேண்டும். கலியாணமான நாளிலிருந்து அந்தக் குடத்தை நான்தான் சுமந்தேன். இப்போது தண்ணீர் பவுசர் வண்டி வருகிறது, பிளாஸ்டிக் கானில் பிடித்து வைக்கிறோம். குடமோ பவுசரோ, ஐம்பத்திரண்டு வருடமாக என் கணவருக்குக் காலையும் மாலையும் தேத்தண்ணி கொடுத்தது நான். ஒரு நாளும் அவர் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார். அதுதான் அவருடைய நல்லாயிருக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கஜீவன் வாகனம் திருத்துகிறவன். போன வருடம் வள்ளம் ஏற்றுகிற இழுவை வண்டி, பழைய ரெயிலர் ஒன்றை வாங்கி, பலகை அடித்து, சுற்றிவரக் கம்பி ஒட்டி, வான் வண்டிக்குப் பின்னால் கொளுவினான். கூடாரம் ஒன்றும் வாங்கினான். சிநேகிதன் ஜெரோசன் வானை ஓட்ட, எல்லோருமாக நுவரெலியாவுக்கு அங்கால் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குளக்கரைக்குப் போய் இரண்டு நாள் கூடாரமடித்து இருக்கப் போவதாகச் சொன்னான்.

"அப்பம்மா, நீங்களும் வாங்கோவன்" என்று கேட்டான்.

"உந்தக் குளிருக்கை நான் ஏன் வாறன்" என்றேன்.

"வாங்கோ அப்பம்மா, வடிவான இடம்."

"அப்பப்பாவை ஆர் பாக்கிறது? நீங்கள் போட்டு வாங்கோ."

அவருக்கு இடுப்பு முறிந்து மூன்று வருடம். கதிரையும் கட்டிலும்தான். ஆனால் உதயகலா வீட்டில் நிற்பாள், பார்த்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் முறை கேட்டால் ஓம் என்று சொல்லலாம் என்று வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கள் காலத்தில் ஒரு வாய் சோறு போடுவதற்கும் மூன்று முறை கேட்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அவன் பொட்டுக்குள்ளால் போய் அங்கே கேட்டான். அவள் முதல் முறையிலேயே ஓம் என்றாளாம். பையும் கட்டி வைத்திருந்தாளாம்.

போய் வந்தாள். குளிர், பனி, குளத்துக்கு மேலே புகை என்று பழைய வாடிக் கதை போலப் புதிதாக ஒரு கதைச் சுருள் தொடங்கியது. வரும்போது ஒரு போத்தலில் அந்தக் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். "அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்கப் போறன்" என்று நேராக என் அடுப்படிக்குள் போனாள். நான் அப்போது கிணற்றடியில் நின்றேன். வந்து பார்க்கும்போது அவர் குடித்து முடித்துவிட்டார். கோப்பையைக் கவிழ்க்கவில்லை. கையில் வைத்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறம்" என்றார். "உப்பிடி ஒரு தேத்தண்ணி நான் என்ரை வாழ்நாளிலை குடிக்கேல்லை."

"தண்ணியண்ணை" என்றாள் தங்கமுத்து. "மலைத்தண்ணி."

அன்றிலிருந்து ஒரு வருடம். காலையில் நான் கோப்பையை நீட்டினால், "தங்கச்சி கொண்டந்த தண்ணியிலை ஒண்டு குடிச்சன்" என்பார். மழை பெய்தால் அந்தக் கதை. ஆராவது வீட்டுக்கு வந்தால் அந்தக் கதை. எங்கள் பக்கத்துக் கிளினிக் மருத்துவத் தாதிக்குக் கூடச் சொல்லியிருக்கிறார். ஐம்பத்திரண்டு வருடத்துத் தேத்தண்ணியை ஒரு போத்தல் தண்ணீர் தோற்கடித்துவிட்டது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தத் தண்ணீரை என் கையால் கொண்டுவந்து, என் கையால் ஊற்றி, அவர் வாயால் என் தேத்தண்ணியைத் திறம் என்று சொல்ல வைப்பது என்று முடிவெடுத்தேன்.

இந்த மாசியில் கஜீவன் திரும்பவும் வெளிக்கிட்டான். அவன் வாய் திறக்க முன்னம், "இந்த முறை நான் வாறன்" என்றேன்.

"குளிரெல்லே அப்பம்மா?"

"குளிருக்கு என்னடா, ஒரு தொப்பி வாங்கித் தா."

தங்கமுத்துவும் வந்தாள். அவளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வழிக்கு நான் தட்டை வடை நூறு சுட்டேன். பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன், அவளும் சுட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு ஐம்பது சுட்டேன். ரெயிலரில் கூடாரம், படங்கு, சட்டி பானை, பூவரசம் விறகு, மீன் ஐஸ் பெட்டி எல்லாம் ஏறியது. நான் எட்டு வெறுங்கான்களைச் சாக்கில் கட்டி ஏற்றினேன். ஒவ்வொன்றும் இருபது லீற்றர் கொள்ளும்.

"உதென்னத்துக்கு அப்பம்மா?" என்று கஜீவன் கேட்டான்.

"குளிக்கத் தண்ணி அள்ளிக் காச்ச வேண்டாமே?"

"எட்டுக் கானிலையோ?"

"நீ வாகனத்தைப் பார், மோனை."

விடிய முன்னம் வெளிக்கிட்டு, கொடிகாமத்தில் மரவள்ளிக்கிழங்கும் வாழைப்பொத்தியும் வாங்கி, வவுனியா தாண்டிக் கண்டி தாண்டி, மலை ஏறும்போது பின்னேரமாகிவிட்டது. வளைவுக்கு வளைவு வான் முக்கி முனகியது. பின்னால் ரெயிலர் ஒரு பசுக்கன்று போல இழுபட்டு வந்தது. தங்கமுத்து வானின் முன் இருக்கையில் இருந்து, போன முறை இந்த இடத்தில் என்ன நடந்தது, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கண்ணை மூடி நித்திரை போல இருந்தேன்.

குளத்தை அப்போதுதான் முதல் பார்த்தேன். கடல் பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஆனால் கடல் முழுக்க உப்பு. இங்கே ஒரு கடலளவு நல்ல தண்ணீர், காவலும் இல்லாமல் குடமும் இல்லாமல் சும்மா கிடக்கிறது. சுற்றிவரத் தேயிலை, அதற்கு மேல் காடு, அதற்கு மேல் முகில். நான் கீழே போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். பல் கூசியது.

"எப்பிடி மச்சாள்?" என்று தங்கமுத்து கேட்டாள்.

"தண்ணி மாதிரித்தான் கிடக்கு" என்றேன்.

பிள்ளைகள் கூடாரம் அடித்தார்கள். தங்கமுத்து அதைச் சுற்றி வந்து பார்த்து, "வடிவாய்த்தான் அடிச்சிருக்கிறியள், கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி" என்று நக்கல் அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். நான் அதையே சொன்னால், அப்பம்மா குறை சொல்கிறா என்பார்கள்.

போன முறை ரெயிலரைத் துப்பரவாக்கி, மெத்தை போட்டு, மேலே படங்கு இழுத்து, அதில்தான் தங்கமுத்து படுத்தாளாம். இந்த முறை கஜீவன், "அப்பம்மாவுக்கு முழங்கால் ஏலாது, அவ ரெயிலரிலை படுக்கட்டும்" என்றான். எனக்கு மனம் குளிர்ந்தது. நான் வென்றேன் என்று ஏறிப் படுத்தேன். தங்கமுத்து பிள்ளைகளோடு கூடாரத்துக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே சிரிப்புக் கேட்டது. பிறகு இன்னொரு சிரிப்பு. நான் தனியாக மெத்தையில், கம்பளித் தொப்பியோடு, மாவு மூட்டை போலக் கிடந்தேன். நிலத்தில் படுத்திருக்கலாம் என்று இருந்தது.

அடுத்த நாள் அவள் குளக்கரையில் பனங்கிழங்கு ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினாள். ஐஸ் பெட்டியில் வந்த மீனும் நண்டும், கொடிகாமத்து மரவள்ளியும், பயற்றங்காயும், புளியும். பனிக்குள் அந்த ஆவி எழும்ப, தோட்டத்துக் காவல்காரர் வாசனைக்கே வந்துவிட்டார். அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். கூழ் நல்லாயிருந்தது. இதை நான் மறைக்கவில்லை. இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

ஆனால் தேத்தண்ணி மட்டும் அவள் கையால் வாங்கவில்லை.

"மச்சாள், ஒரு வாய் குடியுங்கோ. இந்தக் குளிருக்கு."

"எனக்கு மல்லித்தண்ணி கிடக்கு" என்று போத்தலைக் காட்டினேன். வீட்டிலிருந்து கொண்டுபோன மல்லித்தண்ணி. பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்துபோய் இருந்தது. அந்தக் குளத்துத் தேத்தண்ணியை முதலில் என் கணவர் குடிக்க வேண்டும், என் கையால் குடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நான் என்று நினைத்திருந்தேன்.

கூழ் குடித்த பிறகு எல்லோரும் மேலே அருவி பார்க்கப் போனார்கள். தங்கமுத்துவும் ஏறினாள், சேலையைச் சொருகிக்கொண்டு, ஆட்டுக்குட்டி போல. நான் ரெயிலருக்குக் காவல் என்று இருந்தேன். அவர்கள் தேயிலைக்குள் மறைந்ததும் கம்பியைப் பிடித்து எழும்பினேன்.

ரெயிலர் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் பத்துப் பன்னிரண்டு காலடி இருக்கும். கான்களை ரெயிலரின் அடித்தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, ஒரு சின்ன வாளியால் அள்ளி அள்ளிக் கொண்டுவந்து ஊற்றினேன். கரையில் ஒரு கல் இருந்தது. அதில் கையை ஊன்றிக் குனிந்து அள்ளுவேன், கம்பியைப் பிடித்து ஏற்றி ஊற்றுவேன், திரும்பிப் போவேன். ஒரு போத்தல் தண்ணீரில் ஒரு வருடப் புகழ் என்றால், எட்டுக் கானில் எத்தனை வருடம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நாலாவது கானில் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஆறாவதில் இடதும். எட்டையும் நிரப்பி, மூடி இறுக்கி, மேலே சாக்கும் படங்கும் போட்டு மூடி, அதற்கு மேல் என் மெத்தையையும் விரித்துவிட்டுத்தான் இருந்தேன். ஒரு கானோடு நிறுத்த என்னால் முடியவில்லை. அவள் ஒரு போத்தல் கொண்டு போகப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்த தங்கமுத்து என் சேலைக் கரையைப் பார்த்தாள். முழங்கால் வரை ஈரம். பிறகு ரெயிலரின் சக்கரத்து ரயரைப் பார்த்தாள், அது கொஞ்சம் அமுங்கிச் சப்பி இருந்தது. தன் ஒரு போத்தலை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் இறங்கினோம். விறகு எரிந்து முடிந்தது, மீன் முடிந்தது, சாமான் குறைந்தபடியால் கஜீவன் ரெயிலரைப் பெரிதாகப் பார்க்கவில்லை. கூடாரத்தையும் மெத்தையையும் மேலே போட்டுக் கட்டினான். ஏறும்போது இழுபட்டு வந்த கன்று இறங்கும்போது மாடாகி எங்களைத் தள்ளியது. ஜெரோசன் பிரேக்கில் ஏறி நின்றான். ஏதோ கருகும் மணம் வந்தது.

"மச்சான், பின்னுக்கு என்ன கிடக்கு?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்லையே. சட்டி பானைதான்."

இரண்டு வளைவு தாண்டியிருக்கும். பின்னால் வெடி போட்டது போல ஒரு சத்தம். ரெயிலர் ஒரு பக்கம் சரிந்து, றோட்டில் இரும்பு உரசிக்கொண்டு வந்து, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரயர் மட்டும் கிழிந்த செருப்புப் போல ஆகிவிட்டது.

கஜீவன் இறங்கிப் போய்ப் படங்கைத் தூக்கினான். சாக்கைத் தூக்கினான். அப்படியே நின்றான்.

"ஆர் உந்தத் தண்ணி நிரப்பினது?"

எழுத்துத் தெரியாத நான் கடைப் பலகையை வாசிப்பது போல நின்றேன். நாங்கள் எல்லோரும் பள்ளத்துக்குள் போயிருப்போம் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

"நான்தானடா" என்றாள் தங்கமுத்து.

கஜீவன் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "நீங்களே அம்மம்மா? எட்டுக் கானோ? ஊருக்குத் தண்ணி யாவாரம் தொடங்கப் போறியளோ?" என்றான். ஜெரோசனும் சிரித்தான். கோபிகா அவளுடைய தோளைக் கட்டிப் பிடித்தாள். அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. அது நானென்று தெரிந்திருந்தால் கண்டி வரை எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்திருப்பான்.

நான் நன்றி நினைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு வந்தது நன்றி இல்லை. என் இரண்டு முழங்காலும் பூசணிக்காய் போல வீங்கிக் கிடக்க, அந்தத் தண்ணீர் அவள் பெயருக்குப் போகிறது. குற்றத்தைக் கூட அவள் எடுத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்குகிறாள்.

"உது என்ரை தண்ணி" என்றேன்.

"விடுங்கோ மச்சாள்" என்றாள் அவள்.

"என்னத்தை விடுறது? நான் அள்ளினது. எட்டுக் கானும் நான் அள்ளினது. நீ அருவி பாக்கப் போயிட்டாய்."

"சரி, ஆர் அள்ளினா என்ன?"

"என்ன எண்டால்? உனக்கு ஒரு போத்தல் கிடக்கு, அது உன்ரை. உது என்ரை."

கடைக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தார். தேயிலைக் கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். கஜீவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஏனென்றால் குற்றத்துக்குச் சண்டை பிடிக்கிற ஆட்களை அவன் கண்டதில்லை. என் பேரில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். "அப்பம்மாவாலை எழும்பவே ஏலாது, அவ எப்பிடி அள்ளுறது" என்று ஜெரோசனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால்தான் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறான்.

கான்களை ஒவ்வொன்றாக இறக்கி வாய்க்காலுக்குள் ஊற்றினான். றோட்டோர வாய்க்காலுக்குள், என் கண்ணுக்கு முன்னால், நல்ல தண்ணீர். ஏழு முடிந்தது. எட்டாவதில் கை வைத்தபோது நான் அதன்மேல் இருந்துவிட்டேன்.

"எழும்புங்கோ அப்பம்மா."

"எழும்ப ஏலாதெண்டு நீதானே சொன்னனி. தூக்கு பாப்பம்."

அவன் அந்த ஒரு கானை விட்டான்.

ரயர் மாற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கடைக்குள் இருந்தோம். தங்கமுத்து இரண்டு வெறுந்தேத்தண்ணி எடுத்தாள். நான் எனக்குச் சீனி வேண்டாம் என்று சொன்னேன். என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து ஒன்பது வருடம். அவருக்குச் சீனியை நிறுத்திய அன்றே நானும் நிறுத்திவிட்டேன். அவர் கசப்பைக் குடிக்க நான் மட்டும் இனிப்புக் குடிக்க மனம் வரவில்லை.

கடைக்காரர் பின்பக்கத்து ஊற்றில் இருந்து குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வைத்தார். என் கண்ணால் பார்த்தேன். அதே மலை, அதே தண்ணீர். ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். உப்புக் கரிக்கவில்லை, அவ்வளவுதான். மற்றப்படி வெறும் தேத்தண்ணி. வாழ்நாளில் குடிக்காதது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"தங்கமுத்து, போன வரியம் அவருக்குப் போட்ட தேத்தண்ணிக்குள்ளை என்ன போட்டனி?"

"தேயிலை."

"வேறை?"

அவள் வெளியே பார்த்தாள். "அண்ணை என்ரை முகத்தைப் பாத்தார் மச்சாள். எட்டு வரியமாய் இனிப்புக் காணேல்லை தங்கச்சி எண்டார். நீங்கள் கிணத்தடியிலை நிண்டனீங்கள். மேல்தட்டிலை விருந்தாட்களுக்கு வைச்சிருக்கிற சீனிப் பேணி எனக்குத் தெரியும்தானே."

"எத்தினை கரண்டி?"

"மூண்டு."

"உன்ரை அண்ணையைக் கொல்லப் பாத்தியோடி?"

"ஒரு நாளைக்குத்தானே."

"ஒரு வரியமாய் அந்தாள் தண்ணி தண்ணி எண்டு பாடுது. நான் கேட்டுக் கேட்டுச் சாகிறன். நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"சொன்னால் அண்ணைக்கு ஏச்சு விழும். அதோடை..." அவள் வாயை மூடிச் சிரித்தாள். "நீங்கள் எரியிறதைப் பாக்க வடிவாயிருந்தது மச்சாள். வாடிக்குப் போய் வந்த காலத்திலையும் உப்பிடித்தான் முகத்தை வைச்சிருப்பியள். அதுக்காகவே நான் ரெண்டு ஆமையைக் கூட்டிச் சொல்லுவன்."

எனக்கு எழும்பி அடிக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அவளுடைய தேத்தண்ணியை எடுத்து மிச்சத்தை நான் குடித்தேன். இனித்தது.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் பின்னேரம். அவர் கதிரையில் இருந்தார். நான் கானைத் திறந்து தண்ணீர் வார்த்து அடுப்பில் வைத்தேன்.

"இஞ்சாரும், அது அந்தத் தண்ணியே?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஓம்."

"ஆர் கொண்டந்தது?"

"நான்."

தண்ணீர் கொதிக்கும்வரை யோசித்தேன். சீனி போடாமல் கொடுத்தால் அவர் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார், கதை முடிந்தது. மூன்று கரண்டி போட்டால் அது தங்கமுத்துவின் தேத்தண்ணி. மேல்தட்டுப் பேணியை எடுத்தேன். ஒரு கரண்டி அள்ளி, மேலே குவிந்ததை விரலால் வழித்துப் பேணிக்குள்ளேயே விட்டேன். மட்டமாக ஒரு கரண்டி. போட்டுக் கலக்கி, கரண்டியை நக்காமல் கழுவிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். அவசரப்படாமல் கடைசி வரை குடித்து, அடியைப் பார்த்தார்.

"தங்கச்சி போட்டதிலும் திறம்" என்றார்.

"ஏன் திறம்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியும். போன வருடமும் தெரியும், இப்போதும் தெரியும். சீனி என்று வாய் விட்டால் பேணி இடம் மாறிவிடும் என்பதும் தெரியும்.

"தண்ணி" என்றார். "நல்ல தண்ணி."

நான் கோப்பையை வாங்கிக்கொண்டு நேராகப் பொட்டடிக்குப் போனேன். தங்கமுத்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், குந்தியிருந்துதான்.

"சொல்லிப்போட்டார்" என்றேன். "நீ போட்டதிலும் திறமாம்."

"எத்தினை கரண்டி போட்டனீங்கள்?"

"ஒண்டு."

கத்தி நின்றது. "சின்னக் கரண்டியே பெரிய கரண்டியே?"

"சின்னக் கரண்டி. வழிச்ச கரண்டி."

அவள் மீனை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் போதும். அவள் மூன்று கரண்டியில் செய்ததை நான் ஒரு கரண்டியில் செய்துவிட்டேன். அவள் முகத்தில் அன்று நான் பார்த்தது, ஐம்பது வருடமாக என் முகத்தில் அவள் பார்த்தது. அது வடிவாகத்தான் இருந்தது.

ஆகவே தங்கமுத்துவைப் பற்றி நான் சொல்வது இதுதான். அவள் வாடிக்குப் போனவள், பன்னிரண்டு பேருக்குச் சமைத்தவள், தனியே நின்று பிள்ளை வளர்த்தவள், அண்ணன் முகம் வாடப் பொறுக்காதவள். மலையில் கூழ் காய்ச்சினால் காவல்காரரும் கோப்பையோடு வருவார். எல்லாம் உண்மை. ஆனால் இந்த வருடம் மலைக்குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தது அவள் இல்லை, நான். போன வருடத்துத் தேத்தண்ணியை இனிப்பாக்கியதும் தண்ணீர் இல்லை. கஜீவனின் வரியைத் திருத்தாவிட்டால் என் பக்கத்தைப் புத்தகத்தில் போட வேண்டாம்.

அவர் இப்போது நாள்தோறும் அந்தத் தண்ணீரைக் கேட்கிறார். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். முடியவில்லை. ஒரு போத்தல் மிச்சம் இருக்கிறது, கொதிக்க வைத்து ஆற்றி, துணியால் மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஆவணியில் அவளுடைய பிறந்த நாளன்று பொட்டுக்குள்ளால் நான் அந்தப் பக்கம் போவேன். அவளுக்கு அந்தத் தண்ணீரில் என் கையால் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். எத்தனை கரண்டி போட்டேன் என்று அவள் கேட்பாள். சொல்லமாட்டேன்.